தடுப்பைக் கழற்றிய கை

வியாசர்பாடி,
2.9.2024

ஜானட் அக்காவுக்கு,

யசோதரா எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துப் போடுவீர்கள் என்று கவர்மேல் பெயர் எழுதவில்லை. இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள்.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். வேறு யார் போனிலிருந்தாவது பேசலாம் என்றால், நம் திருவொற்றியூர் கடையில் தினமும் எல்லோர் போனையும் வாங்கிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு அடிபட்ட அன்று யாராவது படம் எடுத்தார்களா என்று மேனேஜர் பொன்ராஜ் சார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கே வந்தேன். நோயல் அண்ணன் கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "இன்னாத்துக்கு வந்த? அவ தூங்கிகினு கீறா. போ" என்றார். உள்ளே நீங்கள் இருமுவது கேட்டது. வாங்கி வந்த சாத்துக்குடியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

தையல் பிரித்துவிட்டார்களா? மோதிர விரலில் உணர்ச்சி வந்ததா?

ஆகஸ்ட் பத்தாம் தேதியை நான் நினைக்காத நாளில்லை. ஞாயிறு வியாபாரத்துக்காக உறைந்த வஞ்சிரத்தை நீங்கள் மெஷினில் துண்டு போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் தராசுப் பக்கம் நின்று கவர் போட்டுக்கொண்டிருந்தேன். ரம்பத்தின் சத்தம் ஒரு நொடி மாறியது. மீன் அறுபடும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு. திரும்பிப் பார்த்தபோது நீங்கள் கத்தவில்லை, உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்து ஐஸில் போட்டது நான். ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில்தான் இருந்தது. அதையாவது நினைத்துப் பாருங்கள் அக்கா.

பொன்ராஜ் சார் நீட்டிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டது உண்மை. மீன் செக்‌ஷனில் எல்லோரும் போட்டார்கள். சூப்பர்வைசர் நான் போடாமல் முடியுமா? எண்ணூர் கம்பெனியில் ஆள் குறைத்தபோது எழிலனை நிறுத்திவிட்டார்கள். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரில் வேலைக்குப் போவது இப்போது நான் ஒருத்திதான். இது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள்
யசோதரா


ராயபுரம்,
15.9.2024

யசோ,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு நாளாயிற்று.

உன் சாத்துக்குடியை அவர் குப்பையில் போட்டார். நான் தடுக்கவில்லை.

விரலை ஐஸில் போட்டாய், அது ஒட்டாமல் போனது உன் தப்பில்லை, தலையை மடியில் வைத்துக்கொண்டாய், எல்லாம் சரி. ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு நடந்ததை ஏன் எழுதவில்லை? நான் மயக்கத்தில் இல்லை யசோ. ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான். உன் போன் அடித்தது. "சரி சார், சரி சார்" என்றாய். சீட்டு எழுதுகிறவர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "வூட்ல மீன் அரியும்போது அருவாமனைல பட்டுச்சு சார்."

அவர் நம்பவில்லை. "அருவாமனைல ரெண்டு விரல் எலும்போட போவுமா?" என்று மறுபடி கேட்டார். நீ மறுபடியும் ஆமாம் என்றாய். ஒரு முறை சொன்னதைப் பயத்தில் சொன்னாய் என்று விட்டுவிடலாம். இரண்டாவது முறை?

என் அம்மா காசிமேட்டில் இருபத்தாறு வருஷம் மீன் அரிந்தாள். அவள் கையில் ஒரு கீறல் கிடையாது. அவள் மகள் அருவாமனையில் விரலைப் போட்டுக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதத்தோடுதான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். "வீட்டில் நடந்ததுன்னு இருக்கேம்மா" என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அன்று நான் ஷிஃப்ட் முடித்துப் போய்விட்டதாகக் கடையும் எழுதிக் கொடுத்திருக்கிறது, கீழே உங்கள் ஏழு பேர் கையெழுத்தோடு. ஆக எனக்குக் கடையில் ஒன்றுமே நடக்கவில்லை. விரல் மட்டும்தான் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. ஒன்றே ஒன்று சொல். அந்த மெஷினில் இப்போது யார் நிற்கிறார்கள்?

ஜானட்


வியாசர்பாடி,
26.9.2024

அக்கா,

ஆமாம். சொன்னேன். இரண்டு முறையும் சொன்னேன். நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் பொன்ராஜ் சார், "கடை பேரு வந்துச்சுன்னா சீல் வச்சிருவாங்க. எண்பது பேரும் தெருவுலதான் நிப்பீங்க. வீட்டுல நடந்துச்சுன்னு சொல்லிரு. வைத்தியத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அந்த நேரத்தில் டாக்டர் உங்களைச் சீக்கிரம் உள்ளே கொண்டுபோனால் போதும் என்றுதான் இருந்தது. அப்புறம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று.

மெஷினில் சபீஹா நிற்கிறாள். தண்டையார்பேட்டை சபீஹா, இறால் உரிக்கிற இடத்தில் இருந்தாளே, அவள்தான். உங்களுக்கு அடிபட்ட மறுநாள் ரம்பத்துக்கு முன்னாலிருக்கும் எஃகுத் தடுப்பை மறுபடி மாட்டினார்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். ஐந்தாம் நாள், பெரிய மீன் நுழையவில்லை, வேலை நடக்கவில்லை என்று திரும்பவும் கழற்றியாயிற்று. கம்பி வலைக் கையுறை மேனேஜர் அறை பீரோவில் இருக்கிறது. ஆபீசர்கள் வந்தால் எடுப்பார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் பொன்ராஜ் சாரிடம் போய், என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "உக்காரும்மா" என்றார். "ஜூன் மாசம் தடுப்பக் கழட்டுனது யாரு? கேமராவுல உன் கைதானே தெரியுது? ஆஸ்பத்திரியில பொய் சொன்னது யாரு? உன் வாய்தானே? நீ உண்மையச் சொல்லணும்னா தாராளமாச் சொல்லு. மொத ரெண்டு உண்மையும் உன்னப் பத்தினதாத்தான் இருக்கும்."

எழுந்து வந்துவிட்டேன். வேலையை விட்டுப் போனாலும் அந்தக் கேமராப் படம் அவரிடம்தான் இருக்கும். இருந்தாலும் வழியில்லை, போனாலும் வழியில்லை.

"கழட்டும்மா" என்று சொன்னது அவர். நான்கு ஸ்குருவையும் திருகியது நான். உங்களுக்கும் அது தெரியும். நீங்கள் இதுவரை அதைச் சொல்லித் திட்டாததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

யசோதரா


ராயபுரம்,
8.10.2024

யசோ,

முதலில் சபீஹாவுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். மீனின் கடைசித் துண்டை விரலால் தள்ளக் கூடாது. அங்கேதான் எனக்குப் போயிற்று. ஒரு சாண் நீளத்துக்கு மரக்கட்டை வைத்துத் தள்ளச் சொல். முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது. பனி படிந்த மீன் வழுக்கும், முதலில் துடைக்கச் சொல். அவசரப்படுத்தினால் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லச் சொல். அறுத்துக்கொண்டே பதில் சொன்னால் கை தானாக முன்னால் போகும்.

இனி என் கதை. தையல் பிரித்தாயிற்று. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. ரவிக்கை ஊக்கு போட முடியவில்லை. உள்பக்கப் பூட்டு இறுக்கம், இடது கையாலும் சாவியைத் திருப்ப முடியவில்லை. அதனால் அவர் காலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போகிறார். பகல் முழுக்க யாராவது தள்ளித் திறப்பார்களோ என்று உட்கார்ந்திருக்கிறேன். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு இரண்டு மாதமாகிறது. ஸ்பூனால் சாப்பிட்டால் எனக்கு வயிறு நிறைந்த மாதிரியே இல்லை. இல்லாத விரல்களின் நுனி அரிக்கிறது. சொன்னால் சிரிப்பாய். எங்கே சொறிவது?

ஜூன் மாதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் உன்னைத் திட்டாததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. கழற்றச் சொன்னது பொன்ராஜ். கழற்றியது நீ. கழற்றி முடித்ததும் கைதட்டியது யார் என்று நினைவிருக்கிறதா? "அப்பாடா, இனிமே எட்டரை பஸ்ஸ புட்ச்சிடுவேன்" என்று கத்தியது நான்தான். சபீஹாவும் சிரித்தாள். எல்லோருக்கும் அன்று அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது.

அதனால் ஸ்குருவுக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அருவாமனைக்காக இருக்கிறது. அது குறையவில்லை.

விசாரணை வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறேன். சாட்சி என்று உன் பெயரைத்தான் எழுதினேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனவள் வேறு யார்? நோட்டீஸ் வரும். உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று நாளைக்குச் சொல்லாதே.

ஜானட்


வியாசர்பாடி,
22.10.2024

அக்கா,

சபீஹாவிடம் சொன்னேன். கட்டை செய்து கொடுப்பதற்குள் அந்தக் காரியம் நடந்துவிட்டது. பயப்படாதீர்கள், கை தப்பித்தது. புர்காவின் கைப்பகுதியை ரம்பம் பிடித்து முழங்கை வரை கிழித்துக்கொண்டு போய்விட்டது. அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் நிக்க மாட்டேன் யசோ. என்னிய வுட்ரு. எனுக்கு ரெண்டு பொண்ணுங்கோ கீது" என்று அழுதாள்.

பொன்ராஜ் சார் வந்து பார்த்தார். "நிக்க முடியாதுன்னா நாளையிலருந்து வர வேண்டாம். தீபாவளி நேரத்துல எனக்கு ஆள் தேட நேரமில்ல" என்றார்.

நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என் காதுக்கே கேட்டது. அவர் சிரித்தார். "சூப்பர்வைசரே நிக்கறது நல்லதுதான்" என்றார்.

இன்றோடு ஒன்பது நாள். சபீஹாவுக்கு என்று நினைத்துக்கொண்டு எழிலன் வேப்பங்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்குச் செதுக்கிக் கொடுத்தான். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன், துடைக்கிறேன், கட்டையால் தள்ளுகிறேன். வேலை மெதுவாகத்தான் போகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா, "சீக்ரம் போடும்மா, ஆட்டோ நின்னுகினு கீது" என்றார். என்னை அறியாமல் கட்டையைக் கீழே வைத்துவிட்டு விரலால் தள்ளினேன். ஒரே ஒரு துண்டுதான். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையை மறுபடி கையில் எடுத்தேன். நீங்கள் எப்படி ஆறு வருஷம் அங்கே நின்றீர்கள்? நான் தராசுப் பக்கம் நின்று உங்களை எத்தனை முறை "சீக்ரம்க்கா" என்றிருக்கிறேன்!

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது பத்து விரலையும் பார்த்துக்கொள்கிறேன். மெஷினை விட்டு இறங்கலாம் என்றால் சபீஹாவை நிறுத்துவார்கள். அவள் போய்விட்டால் இன்னொருத்தி வருவாள்.

நோட்டீஸ் வந்தது. நவம்பர் பன்னிரண்டு. இரண்டு நாளாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எழிலனிடம் இன்னும் காட்டவில்லை.

யசோதரா


ராயபுரம்,
27.10.2024

யசோ,

நீயா நிற்கிறாய்? உனக்குப் பைத்தியமா?

உன் கடிதம் வந்ததிலிருந்து மாலை ஐந்து மணியானால் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. கூட்டம் சேருகிற நேரம் அது. சர்ச் வரை நடந்துபோய்த் திரும்பி வருகிறேன். உன்மேல் கோபமாக இருந்தபோது நன்றாகத் தூங்கினேன்.

நோட்டீஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வா என்று சொன்னால் உன் வேலை போகும். வராதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. அதை நீயே பார்த்துக்கொள். மெஷினை விட்டு மட்டும் இறங்கு. உடம்பு சரியில்லை என்று லீவு போடு. மாடியிலிருந்து விழுந்தேன் என்று சொல். பொய் சொல்ல உனக்குத் தெரியாததா?

கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜானட்


வியாசர்பாடி,
28.11.2024

அக்கா,

பன்னிரண்டாம் தேதி நான் போனது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உங்கள் விபத்து கடையில்தான் நடந்தது என்று ஒப்புக்கொண்டு உத்தரவு வந்துவிட்டதாக சபீஹா சொன்னாள். நிஜம்தானே? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அன்று காலை நோட்டீஸை எழிலனிடம் காட்டினேன். படித்துவிட்டு மறுபடி மடித்து என் கையில் கொடுத்தான். அப்புறம், "நீ அந்த மெஷின்ல நின்னதே என்னாண்ட சொல்லல. இத்தயும் சொல்லாம இருந்துட்டு இன்னா பண்ணுவ? வா, நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. பொன்ராஜ் சார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொன்னேன். ஜூனில் தடுப்பைக் கழற்றியதைச் சொன்னேன், கையுறை பீரோவில் இருப்பதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யை மட்டும் அவசர அவசரமாகச் சொன்னேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். "மெதுவாச் சொல்லுங்க, எழுதணும்" என்றார்.

நான்காம் நாள் என்னைக் கம்பெனியின் மாதவரம் கிடங்குக்கு மாற்றினார்கள். மெஷினை விட்டு இறங்கிவிட்டேன், அதற்குச் சந்தோஷப்படுங்கள். இங்கே எனக்கு வேலை எதுவும் தருவதில்லை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு ஸ்டூல். காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை உட்கார வேண்டும். பாத்ரூம் போகவும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். லாரிகள் பின்னால் வரும் சத்தம் மட்டும் கேட்கும். யாரும் என்னோடு பேசுவதில்லை, பேசக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்போல. நானாகவே ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் வேண்டியது.

நேற்று ஒரு மெமோ கொடுத்தார்கள். நிர்வாகத்துக்குத் தெரியாமல் நானே தடுப்பைக் கழற்றினேனாம். ஆஸ்பத்திரியில் நானாகவே பொய் சொல்லிக் கடையை ஏமாற்றினேனாம். அன்று பொன்ராஜ் சார் போன் செய்தது உங்கள் உடம்பை விசாரிக்கத்தானாம். நான் சொன்ன உண்மையை எடுத்து, அவருடைய பெயரை மட்டும் உருவிவிட்டு, மீதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை போவது மட்டுமில்லை, என்மேல் கேஸ் போடப் போவதாகவும் எழுதியிருக்கிறது. டிசம்பர் பத்தாம் தேதி அதே அதிகாரி அம்மாவிடம் மறுபடி விசாரணை.

மற்ற ஆறு பேரில் சபீஹாவைத் தவிர ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவள், "நான் வந்து சொல்ட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் காரியம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அதில் மறுபடி கைவைக்க வேண்டாம். அந்த அறையில் உட்கார்ந்து பேச ஆளில்லாமல், உங்களோடு பேசுகிற மாதிரி எழுதினேன்.

யசோதரா


ராயபுரம்,
13.12.2024

யசோ,

பத்தாம் தேதி உன்னை விசாரித்து அனுப்பிய பிறகு, மதியம் மூன்று மணிக்கு நான் போனேன். முன்னால் சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்று அழுதிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

எட்டாம் தேதி கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழக்கூடை கொண்டுவந்திருந்தார். "உங்க விஷயம் முடிஞ்சிருச்சும்மா. இனி அந்தப் பொண்ணு பாடு, கம்பெனி பாடு. நடுவுல நீங்க பேசினா உங்க ஃபைலையும் திரும்பத் திறப்பாங்க" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அவர் போனதும் நோயல் சொன்னார்: "அந்தாளு சொல்றதும் கரீட்டுதான். அன்னைக்கு நீ வூட்ல வெட்டிக்கினேன்னு சொன்னவளுக்கோசரம், நீ இன்னாத்துக்குப் போயி பேஜார்ல மாட்டிக்கிற?"

எனக்கும் பயம்தான் யசோ. உத்தரவுக் காகிதத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மூன்று முறை பார்த்தேன். இரண்டு நாள் போவதில்லை என்றுதான் இருந்தேன். பத்தாம் தேதி மதியம் உன் ஸ்டூல் நினைப்பு விடாமல் கிளம்பிவிட்டேன், நோயலும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் இருந்தபோது நீ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் கையை உயர்த்திப் பிடித்திருந்தாய். போன் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நீ சொன்னது மட்டுமில்லை, பொன்ராஜ் சொன்னதும் எனக்குக் கேட்டது. "வீட்டுல நடந்துச்சுன்னு சொல்லிரு" என்றதை நானே கேட்டேன். உனக்கு எழுதியபோது அதை விட்டுவிட்டேன். மனுவிலும் எழுதவில்லை. அவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அவன் யாரோ. உன்மேல் கோபப்படத்தான் எனக்கு வசதியாக இருந்தது. நீ அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததில் என் பங்கும் இருக்கிறது.

அதையெல்லாம் அந்த அதிகாரி அம்மாவிடம் சொன்னேன். ஜூனில் அவன் நின்று கழற்றச் சொன்னதையும், நான் கைதட்டியதையும் சொன்னேன். "இத முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டார். கோபத்துல சொல்லல மேடம் என்றேன். எழுதிக்கொண்டார். பொன்ராஜை உள்ளே கூப்பிட்டு அன்றைய போன் அழைப்பைப் பற்றி என் எதிரிலேயே கேட்டார். முதலில் ஞாபகமில்லை என்றான். நான் அவன் சொன்ன வார்த்தைகளை அவன் பேசுகிற மாதிரியே சொல்லிக் காட்டினேன். அப்புறம் அவன் தலையைத் தூக்கவில்லை.

நேற்று தெரிந்தது. உன்மேல் போட்ட மெமோவைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார்கள். மெஷினுக்குத் தடுப்பு மாட்டும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்களாம், சபீஹா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பொன்ராஜ் வேறு கிளைக்குப் போகிறான். வேறு கிளையில் என்ன மெஷின் இருக்கிறதோ. நீ திரும்பவும் திருவொற்றியூர் கடைக்கே, அதே செக்‌ஷனுக்கே போக வேண்டும். அதற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. வேறு இடம் கிடைக்கும்வரை போகத்தான் வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். காலையில் ஊக்கு போட முடியாமல் நிற்கும்போது இன்னும் உன் குரல்தான் கேட்கிறது. அது போகுமா என்று தெரியவில்லை. போனால் சொல்கிறேன்.

அன்று எழுந்திருக்கும்போது அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். "யசோதரா உங்களுக்கு என்ன வேணும்? உறவா, தோழியா? சாட்சிக்கு எழுதணும்." நான் யோசித்தேன். வெளியே நோயல் நின்றிருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும். கடைசியில், "ஆறு வருஷம் ஒண்ணா நின்னு வேல செஞ்சோம் மேடம்" என்றேன்.

அவர் அப்படியே எழுதிவிட்டு, கீழே கைநாட்டு வைக்கிறீர்களா என்று என் கையைப் பார்த்துத் தயங்கினார். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, இடது கையால் என் பெயரை முழுசாக எழுதினேன். ரொம்ப நேரமாயிற்று. அந்த அம்மா காத்திருந்தார்.

ஜானட்